மூன்று நட்சத்திரமும் என் விளக்கமும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேற்குக் காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை ஒன்று பறந்து, பக்கத்துக் கல் பட்டறையில் பாதி செதுக்கிய நந்தியின் மேல் விழுந்து கிடந்தது. எடுத்து வந்தேன். முழுக்கக் கல்தூள். மறுபடி துவைக்க வேண்டும்.

இன்றைய வேலைகள்: கீசர் மெக்கானிக்குக்குப் போன் (நான்காவது தடவை). மேல்வீட்டுக்கு இரண்டு பல்பு. தண்ணீர் கேன். சாவிக்கு ஒரு நகல்.

மெக்கானிக்: "நாளைக்கு வந்தர்றனுங்க சார்." போன வாரமும் நாளைக்குத்தான்.

கா. 10.40. வீடு வாடகைக்கு விடும் ஆப்பில் சிவப்புப் புள்ளி. போன மாதம் மேல்வீட்டில் தங்கிய நிவேதா மதிப்புரை எழுதியிருக்கிறாள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

வேறு யாருக்கோ போட வேண்டியதை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். தேதியைப் பார்த்தேன். மே 20 முதல் 29 வரை. எங்கள் மேல்வீடுதான்.

அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"வீடு சுத்தம். உரிமையாளரும் அவர் மனைவியும் அன்பானவர்கள். ஆனால் காலை ஆறு மணிக்கே பக்கத்தில் கல் அறுக்கும் சத்தம். பதிவில் இதைச் சொல்லவில்லை. வெந்நீர் சில நாள் வரும், சில நாள் வராது. உரிமையாளர் நிறையக் கேள்வி கேட்கிறார். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் தனியாகத் தங்கும் பெண்ணுக்கு அது சங்கடம்."

சராசரி 4.81 ஆக இருந்தது. இப்போது 4.79. மாதக் கடைசியில் 4.8-க்குக் கீழே நின்றால் பேட்ஜ் போய்விடும். என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பதக்கப் படம். மூன்று வருடமாக இருக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் பத்திரிகையில் இருந்தேன். என் பெயரோடு வந்த செய்திகளை எண்ணி வைக்கவில்லை. திட்டிக் கடிதம் வரும், வக்கீல் நோட்டீஸ் வரும். பெயருக்குக் கீழே யாரும் மார்க் போட்டதில்லை.

மதியம் சாப்பிடவில்லை. மரகதம் ஏன் என்றாள். நெஞ்செரிச்சல் என்றேன்.

"அன்பானவர்கள்." அந்தச் சொல்தான் தாங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. தூறல் இரண்டு நிமிடம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மேல்வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். பாக்கெட் அளவு. நிருபராக இருந்தபோது வைத்திருந்த அதே மாதிரி. தேதி, நேரம், அவர்கள் கேட்டது, நாங்கள் செய்தது. யாரும் கேட்டு வைத்ததில்லை. கைப்பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான்.

நிவேதாவின் பக்கம்:

மே 20, மா. 6.15. வந்தாள். வயது 27. சென்னையில் ஒரு பையிங் ஆபீசில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டர் இங்கே பனியன் கம்பெனிகளில் ஒழுங்காகத் தைத்து நாளுக்குப் போகிறதா என்று பார்க்கும் வேலை. அறை போட்டது அவள் ஆபீஸ்.
மே 22. எல்லாம் சௌகரியமா என்று கேட்டேன். "சூப்பர் சார்."
மே 23, கா. 8. இரண்டு தடவை கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. காய்ச்சல், 102. அவிநாசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மரகதம் கஞ்சி, பருப்புத் துவையல்.
மே 24. காய்ச்சல். கஞ்சி.
மே 25. விட்டது. ரசம் சாதம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.
மே 26, கா. 9.20. நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு இன்டர்வியூ. ஆட்டோ வரவில்லை. என் காரில் கொண்டு விட்டேன். 12.50 திரும்பக் கூட்டி வந்தேன். (யாருக்கும் வேண்டாம்.)
மே 29. கிளம்பினாள். மரகதம் எள்ளுருண்டை ஒரு டப்பா. "சொந்த வீடு மாதிரி இருந்துச்சு சார்."

கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அடைப்புக்குறிக்குள் இருப்பது அவள் காரில் சொன்னது. "சார், இது உங்களோட இருக்கட்டும். எங்க ஆபீசுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்." இருக்கும்மா என்றேன். அப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அதிகாரிகள், சங்கத்துக்காரர்கள், சாயப்பட்டறை மேனேஜர்கள். ஒருவர் பெயரும் என் வாயால் வெளியே போனதில்லை.

மரகதத்துக்கு மதிப்புரையைப் படித்துக் காட்டினேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"இதுல எதுங்க பொய்யி?"

"பொய்யின்னு ஆரு சொன்னா? மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமல்ல? சூப்பர் சார், சூப்பர் சார்னுட்டுப் போயி, அங்க உக்காந்து எழுதியிருக்குது."

"நம்ம பக்கம் ஆருங்க மூஞ்சிக்கு நேராச் சொல்றாங்க? போன மாசம் உங்க தங்கச்சி ஊட்ல உப்பே இல்லாத கொழம்ப மூணு கரண்டி ஊத்திச் சாப்ட்டீங்க. அருமையா இருக்குதுன்னு வேற சொன்னீங்க. வர்ற வழியெல்லாம் என்ற காதத் தின்னீங்க."

"அது வேற."

"என்னுங்க வேற? அதுக்கு ஸ்டார் போடச் சொல்லியிருந்தா எத்தன போட்டிருப்பீங்க?"

இரண்டு என்று மனதில் வந்தது.

மாலை பட்டறைக்குப் போனேன். கந்தசாமி கட்டர் மிஷினை நிறுத்திவிட்டுத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். நந்தி மலேசியாவில் ஒரு கோயிலுக்கு. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. காலையில் ஏழு மணிக்கு மேல் ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க சாமி, உங்கூட்டு மேல தங்கறவீங்க தூங்கி எந்திரிக்கற வரைக்கும் நந்தி காத்துட்டு இருக்கோணுங்களா?"

"மூணு ஸ்டார் போட்டுட்டாங்கய்யா. உங்க சத்தத்தச் சொல்லி."

"அப்படீங்களா! எனக்கு எத்தனைங்க, உங்களுக்கு எத்தனைங்க? பிரிச்சுச் சொல்லுங்க."

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவரே, "ஏழுக்கு ஆரம்பிக்கறனுங்க. வெயில் காலத்துல மட்டும் கேக்காதீங்க," என்றார்.

இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். திருமுருகன்பூண்டியில் கல் சத்தம் கேட்பதை ஒரு செய்தியாக நினைத்ததில்லை. பதிவில் போடாதது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அரை நட்சத்திரம். கீசருக்கு அரை. மீதி ஒன்று எதற்கு? கஞ்சிக்கா?

ஜூன் 11, புதன்

கீசர்: "நாளைக்குங்க சார்."

பத்திரிகையில் ஒரு முறை உண்டு. செய்திக்கு மறுப்பு வந்தால் வெட்டாமல் போடுவோம். அதற்குக் கீழே நிருபரின் விளக்கம். தேதி, நேரம், யார் எங்கே என்ன சொன்னார்கள். கோபம் தெரியக் கூடாது. அலங்காரம் கூடாது. ஒழுங்காக எழுதிய விளக்கத்துக்குப் பிறகு மறுப்பு அனுப்பியவர் திரும்ப எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆப்பிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. மதிப்புரைக்குக் கீழே உரிமையாளர் பதில். ஒருமுறை பதிந்தால் திருத்தவோ நீக்கவோ முடியாது என்று சின்ன எழுத்தில். திருத்துவதற்கு என்ன இருக்கப் போகிறது.

நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றில் கோபம் தெரிந்தது. நான்காவது:

"விருந்தினரின் கருத்துக்கு நன்றி. கல் பட்டறை பற்றிப் பதிவில் சேர்த்துவிட்டோம். வெந்நீர்: கீசர் பழுதானது மே 21, 27 ஆகிய இரண்டு நாள், இரண்டு நாளும் கீழிருந்து வாளியில் கொண்டுவந்து கொடுத்தோம். கேள்விகள்: மே 23 காலை விருந்தினருக்குக் காய்ச்சல். விசாரித்ததால்தான் தெரிந்தது. அவிநாசியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். 23, 24 இரு நாளும் கஞ்சி கொடுத்தோம். 25 அன்று குணமானார். 26 காலை 9.20-க்கு அவர் சொந்த வேலையாக நெருப்பெரிச்சல் செல்ல ஆட்டோ கிடைக்காததால் என் காரில் கொண்டு விட்டு, 12.50-க்கு அழைத்து வந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் இதைச் செய்ய முடியாது. 29 அன்று கிளம்பும்போது 'சொந்த வீடு மாதிரி இருந்தது' என்றார்."

படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்டர்வியூ என்ற சொல் இல்லை. கம்பெனி பெயர் இல்லை. "சொந்த வேலை" என்று மட்டும். சொன்ன வாக்கு பத்திரம்.

மா. 4.05 பதிந்தேன். பசித்தது. இரண்டு தோசை.

ஜூன் 13, வெள்ளி

வெயில். காற்று குறைவு.

என் பதிலுக்குக் கீழே "பயனுள்ளது" என்று ஒன்பது பேர் அழுத்தியிருக்கிறார்கள். காலையில் ஆறு, இப்போது ஒன்பது. யாரோ முகம் தெரியாதவர்கள். நம் பக்கம் நியாயம் இருப்பது படித்தால் தெரிகிறது.

மரகதம் பார்க்க மாட்டேன் என்றாள். "அந்தப் புள்ள பார்த்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பார்த்திருப்பாள். பார்க்கட்டும் என்றுதான் எழுதினேன்.

மதியம் படுத்திருக்கும்போது மறுபடி அதே யோசனை. அவள் வாளியைப் படியில் வாங்கிக்கொண்டு, "ஐயோ சார், நீங்க ஏன் தூக்கிட்டு வர்றீங்க," என்று சொன்ன முகம். அந்த நேரம் மனதுக்குள் மூன்று என்று இருந்ததா? இருந்து கொண்டே சிரித்தாளா? மரகதத்தை ஆன்ட்டி என்று சொல்லும்போது? எள்ளுருண்டையை வாங்கும்போது?

நான் ஓய்வு பெற்றபோது பத்திரிகை ஆபீசில் மேடை போட்டு மாலை போட்டார்கள். அடுத்த வாரம் என் மேசையை வராந்தாவில் வைத்திருந்தார்கள். அன்றுகூட இப்படி இல்லை.

குறிப்பு: 19-ம் தேதி ஜெபராஜ் வருகிறார். நிவேதாவின் அதே ஆபீஸ். மூன்று இரவு.

ஜூன் 19, வியாழன்

ஜெபராஜ் மா. 5.30. தூத்துக்குடிக்காரர். தைத்த துணியைக் கப்பலுக்கு முன் சோதிக்கும் வேலை. இங்கே தங்குவது ஏழாவது தடவை. வந்தால் பையை வாசலில் போட்டுவிட்டு மரகதத்தின் காபியைக் குடித்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் மேலே போவார்.

இன்று சாவியை வாங்கிக்கொண்டு நேரே படியேறினார்.

"இந்தத் தடவை எந்தக் கம்பெனிக்குங்க?" என்று கீழிருந்து கேட்டேன்.

"சும்மா வேலையாத்தான் அண்ணாச்சி."

போட்ட காபி ஆறிப்போய், மரகதமே குடித்தாள். "கேள்வி கேக்காதீங்கன்னு எழுதியே போட்டுட்டாங்க. இன்னுமே கேக்கறீங்க," என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

ஜெபராஜ் காலை 8.15-க்குத் தானாகக் கீழே வந்தார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது. ஒண்ணு கேக்கணும். நிவேதா உங்களுக்கு என்ன செஞ்சுது?"

"மூணு ஸ்டார் போட்டுச்சுங்க."

"அதுக்கா?"

அவரே சொன்னார். அவர் சொன்னபடி:

"எங்க ஆபீஸ்ல ரூம் போடுத பிள்ள, போடுததுக்கு முன்னால அந்த வீட்டுப் பக்கத்த வாசிச்சுப் பாக்கும். எனக்கு ரூம் போடும்போது உங்க பதில வாசிச்சிருக்கு. நிவேதா இருபத்தாறாம் தேதியும் காய்ச்சல்னு லீவு சொல்லியிருந்துச்சு. நீங்க இருபத்தஞ்சுலயே குணமாக்கிட்டிய. இருபத்தாறு காலம்பற நெருப்பெரிச்சல்ல கொண்டு எறக்கியும் விட்டுட்டிய. நேரத்தோட."

"கம்பெனி பேரு போடலீங்களே."

"நெருப்பெரிச்சல்ல எங்களுக்கு ஒரு ஆர்டர்கூடக் கிடையாது அண்ணாச்சி. வேற எதுக்குப் போகும்? பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில வச்சுட்டாவ. ரெண்டு வரிக்கு மஞ்சக் கலர் அடிச்சு. கூப்பிட்டு, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருன்னுட்டாவ. பதினேழாம் தேதி போயிட்டு."

"அந்த நெருப்பெரிச்சல் வேலை?"

"இன்னும் உறுதி சொல்லல. பழைய ஆபீஸ்ல விசாரிக்காம எடுப்பாவளா? கேட்டா, எங்காளுவ உங்க பக்கத்தத்தான் அனுப்புவாவ."

போகும்போது வாசலில் நின்று, "நீங்க பொய் ஒண்ணும் எழுதல அண்ணாச்சி. அதான் பாத்துக்கிடுங்க," என்றார். திட்டியிருக்கலாம்.

மரகதத்திடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

"இருபத்தாறாந் தேதி காத்தால அந்தப் புள்ள படியில உக்காந்து போன் பேசுச்சுங்க. 'இன்னும் காய்ச்சல் விடல சார்'னு. நான் அங்கதான் பூப் பறிச்சுட்டு இருந்தேன். என்னயப் பார்த்து நாக்கக் கடிச்சுச்சு. நான் சிரிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

"எல்லாத்தயும் கேக்கறேன்னுதான புகாரு."

"அதக் கேக்கலீங்க. எழுதறதுக்கு முன்னால என்கிட்டக் காட்டவும் இல்லீங்க."

வேலை நாளில் காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறாள். லீவு எப்படிக் கிடைத்தது என்று எந்தப் புது நிருபனும் கேட்பான்.

ஜூன் 21, சனி

ஜெபராஜ் நாளைக்குக் கிளம்புகிறார். இரண்டு நாளாக வெளியில்தான் சாப்பாடு.

ஆப்பின் உதவிப் பகுதி. கா. 9.30 முதல் 10.50 வரை தட்டச்சில் உரையாடல். முதலில் இயந்திரம், பிறகு மனிதர் போலிருந்தது.

நான்: என் பதிலை நீக்க வேண்டும்.
அது: மன்னிக்கவும், பதிந்த பதிலை நீக்க வழி இல்லை.
நான்: அதனால் ஒருவருக்குப் பாதிப்பு.
அது: பதிலில் தவறான தகவல் உள்ளதா?
நான்: இல்லை.
அது: அப்படியானால் அது விதிகளுக்கு உட்பட்டது.
நான்: வேறு வழி?
அது: உங்கள் பட்டியலை நிரந்தரமாக நீக்கினால், அதிலுள்ள மதிப்புரைகளும் பதில்களும் சேர்ந்து நீங்கும். பிறகு மீட்க இயலாது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?

பட்டியல் என்றால் மேல்வீட்டின் பக்கம். மூன்று வருடம். எண்பத்தொரு மதிப்புரை. பேட்ஜ். புதிதாகத் தொடங்கினால் நட்சத்திரம் இல்லாத வீடு, யார் வருவார்கள்?

லேப்டாப்பை மூடினேன். பல்பு இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். நிவேதாவுக்குப் போன் செய்தேன், கா. 11. சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதி வைத்திருந்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"பரவால்ல சார். ஆன்ட்டி எப்டி இருக்காங்க?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். நெருப்பெரிச்சல் கம்பெனி முதலாளியை எனக்குத் தெரியும், பேசிப் பார்க்கட்டுமா என்றேன்.

"வேணாம் சார். தயவுசெஞ்சு எனக்காக யார்கிட்டயும் பேசாதீங்க."

அவள் பக்கம் பஸ் ஹாரன்.

"சார், நான் எழுதினது நிஜம். நீங்க எழுதினதும் நிஜம்தான். ஆனா நான் உங்க வீட்டப் பத்தி எழுதினேன்."

"சரிம்மா."

"நாலு போட்டிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

தெரியவில்லை என்றேன். உண்மை.

"எனக்கப்புறம் தனியா ஒரு பொண்ணு வருவால்ல, அதுக்காகத்தான் எழுதினேன். உங்ககிட்ட நேர்ல சொல்ல வாய் வரல. ஆன்ட்டி அவ்ளோ செஞ்சாங்க." பிறகு, "அத மட்டும் எடுத்துடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

முயற்சி செய்கிறேன் என்றேன். வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே.

ஜூன் 26, வியாழன்

நல்ல மழை, அரை மணி. மேல்வீட்டில் மும்பைத் தம்பதி. துணி வாங்க வந்தவர்கள். இந்தி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகவே எல்லாம் சொன்னார்கள்.

ஒன்றை எழுதி வைக்கிறேன், அடுத்த வாரம் நானே மறுப்பேன் என்பதால். அவள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவள் வேலை போனது என்னால். தெரியும். இருந்தும், காலையில் பல் தேய்க்கும்போது முதலில் வருவது மூன்று என்ற எண்தான். அதற்குப் பிறகுதான் மஞ்சள் அடித்த இரண்டு வரி.

மரகதம் எடுத்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. சாப்பாடு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள். கேட்காமல் இருக்கிறாள். அது எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீசர்: போனே எடுக்கவில்லை. மும்பைக்காரர்களுக்கு இரண்டு வாளி. முழங்கால் வலி.

ஜூன் 28, சனி

மும்பைத் தம்பதி காலை கிளம்பினார்கள். மதியம் மதிப்புரை. ஐந்து.

ஜெபராஜும் போட்டிருக்கிறார். ஐந்து. "வீடு நன்று." இரண்டே சொல். அவர் வழக்கமாகப் பத்து வரி எழுதுவார், மரகதத்தின் காபிக்கே மூன்று வரி.

ஜூன் 30, திங்கள்

காற்று திரும்ப ஆரம்பித்துவிட்டது.

கா. 9. ஆப் திறந்தவுடன் திரையில் வண்ணத் தாள் சிதறுகிற மாதிரி ஒரு படம். "வாழ்த்துகள்! உங்கள் பேட்ஜ் தொடர்கிறது." சராசரி 4.8. கேட்டது கிடைத்துவிட்டது.

கீழே இறங்கிப் பார்த்தேன். நிவேதாவின் மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே என் விளக்கம். பயனுள்ளது: இருபத்து மூன்று பேர்.

எல்லாவற்றையும் ஒருமுறை படித்தேன். எண்பத்து மூன்று. இரண்டு மணி நேரம். ஈரோட்டுக் குடும்பம், குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்ததற்கு. டாக்காவிலிருந்து வந்த டெக்னீஷியன். முதலாவது, யாரோ ஒரு கல்லூரி வாத்தியார்: "பயமில்லாமல் தங்கலாம்." எந்த ஆண்டு, எந்த மாதம், மழையா வெயிலா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நகல் எடுத்து வைக்கலாம் என்று தோன்றியது. எடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது காட்டுவேன். எடுக்கவில்லை.

அமைப்புகள். பட்டியல். நிரந்தரமாக நீக்கு.

காரணம் கேட்டது. வீட்டை விற்றுவிட்டேன். வருமானம் போதவில்லை. விருந்தினருடன் பிரச்சினை. வேறு. "வேறு" அழுத்தினேன். பெரிய வெள்ளைக் கட்டம் வந்தது. மேலே: விளக்கவும்.

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தில் கோடு விட்டு விட்டு மின்னியது. விரல் இரண்டு தடவை விசைக்குப் போனது. வெறுமையாக விட்டு அடுத்ததை அழுத்தினேன்.

நிச்சயமா என்று ஒரு தடவை. மீட்க முடியாது என்று ஒரு தடவை.

பிறகு மேல்வீட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். "இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை."

பட்டறையில் கட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போய்க் கந்தசாமியிடம், ஆறு மணிக்கே ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"ஏனுங்க சாமி, ஸ்டாரெல்லாம் திரும்பி வந்துருச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

ஜூலை 1, செவ்வாய்

தெளிந்த வானம். போர்வை துவைத்தது காய்ந்துவிட்டது.

மரகதம் காலையில் போனில் மேல்வீட்டைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தேடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லீட்டீங்களா, எடுத்தாச்சுன்னு?"

இல்லை. எடுத்தேன் என்றால் எப்படி என்று கேட்பாள். எப்படி என்று சொன்னால் என்ன போயிற்று என்பதும் கூடவே வரும். பார்க்கும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

பாக்கெட் நோட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். நிவேதாவின் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

கா. 11. மணியடித்தது. கீசர் மெக்கானிக். சொல்லாமல் வந்து நிற்கிறான். மேலே போய் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, குழாயைத் திறந்து காட்டினான். ஆவி பறந்தது.

"இனி சுடுதண்ணிப் பிரச்சனையே வராதுங்க சார். மேல ஆருங்க தங்கறாங்க?"

"ஆருமில்ல."

படியிறங்கும்போது போனை நீட்டினான். "நம்ம பேருக்கு ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு உட்ருங்க சார். மூணு போட்டாங்கன்னா வேலையே வரதில்லீங்க."

ஒரு மாதம். ஏழு போன். பதினோரு வாளி.

மரகதம் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டேன்.